நாற்பத்தொன்றாம் பதிவின் ஓரக்குறி

போன மாதம் எங்கள் சேகர அலுவலகத்திலிருந்து பிரியா போன் செய்தாள். போதகரை ஐயர் என்பது எங்கள் வழக்கம்; அப்படி ஐயர் ஒருவருக்குக் கீழே இருக்கிற ஊர்ச் சபைகள் எல்லாம் சேர்ந்ததைத்தான் நாங்கள் சேகரம் என்போம். அந்த அலுவலகத்தில் நான் முப்பத்தைந்து வருஷம் எழுத்தராக இருந்தேன். என் நாற்காலியில் இப்போது பிரியா இருக்கிறாள். பழைய ஞானஸ்நானப் புத்தகங்களைப் படம் பிடித்து, ஒவ்வொரு பெயரையும் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம்.

"ஆன்ட்டி, பழைய புக்குல சில பேருக்கு நேரா ஓரத்துல, செவப்பு மையில சின்னதா ஒரு வட்டம் போட்டு உள்ள ஒரு புள்ளி வச்சிருக்கே, அது என்னது? ஏத்துற ஃபார்ம்ல அதுக்கு எடமே இல்ல. விட்டுரலாம்னு சொல்லுதாங்க."

"யாரு சொல்லுதா?"

"கம்ப்யூட்டர் கம்பெனிக்காரங்கதான்."

"எடம் இல்லன்னா உண்டாக்கச் சொல்லு. வட்டத்த விட்டாங்கன்னா நான் அங்கன வந்து ஆபீஸ் வாசல்ல உக்காந்துருவேன்னு சொல்லு."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அந்த வட்டத்தை ஒரு தடவை விட்டவள் நான். அதனால் சங்கரன்கோவிலில் ஒரு குடும்பம் முப்பது வருஷம் பொய்யைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருந்தது. அந்தப் பொய்யால் ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுபோக இருந்தது. என்ன நடந்தது என்று எழுதிக் கொடுங்கள் என்று பிரியாவே கேட்டாள். எழுதுகிறேன். படிக்கிறவர்களில் யாருக்காவது வருத்தம் வந்தால் வரட்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. டைப்ரைட்டிங் பாஸ், கையெழுத்து அழகு, பாட்டுக் குழுவில் சேர்ந்து பாடுவேன். வேலைக்கு அவ்வளவுதான் தகுதி. பழக்கியவர் என்று யாரும் இல்லை. எனக்கு முன்னால் இருந்தவர் சாவிக்கொத்தை மேஜையில் வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். பீரோவைத் திறந்தால் ஞானஸ்நானம், வயது வந்தபின் சபையில் உறுதி எடுக்கிற திடப்படுத்தல், விவாகம், அடக்கம் என்று நான்கு வகைப் புத்தகங்கள், ஒவ்வொன்றிலும் ஏழெட்டு. மிகப் பழையவை வெள்ளைக்கார மிஷனரிகள் இங்கிலீஷில் எழுதியவை. தாளைத் தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கும்.

பட்டுப் பட்டுக் கற்றுக்கொண்டதுதான். கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் புத்தகத்தைத் தொட வேண்டும். ஃபேனை நிறுத்த வேண்டும். பேனா மேஜைக்கே வரக் கூடாது, பென்சில்தான். பார்க்கிற வரிக்குக் கீழே ஒரு அட்டையை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கண் அடுத்த வரிக்கு வழுக்கிப் போய் ஒருவன் பிள்ளை இன்னொருவன் பிள்ளையாகிவிடும். எழுதி முடித்தபின் சர்டிபிகேட்டிலிருந்து புத்தகத்துக்குத் திரும்பிப் படித்துச் சரிபார்க்க வேண்டும். இதெல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று: பழைய ஆளைத் தேடும்போது பிறப்பிலிருந்து தேடக் கூடாது. அடக்கத்திலிருந்து பின்னால் வரவேண்டும். செத்தது எப்போது, எந்த வயதில் என்று பிடித்தால் கல்யாணம் கிடைக்கும், கல்யாணத்திலிருந்து திடப்படுத்தல், அங்கிருந்து ஞானஸ்நானம். முன்னாலிருந்து தேடினால் நமக்குப் பிடித்த ஆள்தான் கிடைப்பான், உண்மையான ஆள் கிடைக்க மாட்டான்.

இந்தப் புத்தி எனக்கு வருவதற்கு முன்னால், இரண்டாம் வருஷத்திலேயே, அந்தத் தப்பைச் செய்துவிட்டேன்.

தெற்கு ரதவீதியில் பெல்டன் பாத்திரக்கடை என்று ஒன்று. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வருகிற கூட்டத்தில் பாதி அந்தக் கடையில் ஏறி இறங்காமல் ஊர் திரும்பாது. உரிமையாளர் பெல்டன் ஜெயராஜ் அண்ணாச்சிக்கு அப்போது முப்பது வயது. அவர்கள் வீட்டை ஊரில் 'துரை வீடு' என்பார்கள். அண்ணாச்சியின் பூட்டன் ஹென்றி பெல்டன் அசல் இங்கிலீஷ்காரர் என்பது அவர்கள் குடும்பத்துக் கதை. அவரைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு தாயும் தகப்பனும் கப்பலில் தூத்துக்குடி வந்து இறங்கினார்களாம். மாட்டுவண்டியில் இங்கே வந்தார்களாம். இரண்டு பேரும் காலராவில் போய்விட, பிள்ளையை மிஷன் வளர்த்ததாம். பித்தளைக் குத்துவிளக்கு வாங்க வருகிறவர்களுக்குக்கூட அண்ணாச்சி அந்தக் கதையைச் சொல்லித்தான் விலையைச் சொல்லுவார்.

அவர் பூட்டனின் ஞானஸ்நான சர்டிபிகேட் கேட்டு வந்தார். நான் முன்னாலிருந்து தேடினேன். கிடைத்தது. பதிவு எண் நாற்பத்தொன்று. பிள்ளையின் பெயர் ஹென்றி பெல்டன். தகப்பன் பெயர் என்ற இடத்தில் 'ஹென்றி பெல்டன், இங்கிலாந்து'. தாய் பெயர் என்ற இடம் வெற்றாக இருந்தது. ஓரத்தில் சிவப்பு வட்டம், நடுவில் புள்ளி. வட்டத்தைப் பார்த்தேன், பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். சர்டிபிகேட் தாளில் அச்சடித்த கட்டங்கள் ஏழு. வட்டத்துக்கு ஒரு கட்டம் இல்லை. விட்டுவிட்டேன். கையெழுத்துப் போட்டு, ஐயர் கையெழுத்தும் வாங்கி, முத்திரை குத்திக் கொடுத்தேன். அண்ணாச்சி அதைச் சட்டம் போட்டுக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டினார். கடைக்குப் போகும்போதெல்லாம் என் கையெழுத்தைப் பார்த்து எனக்கும் பெருமைதான். வெட்கங்கெட்ட பெருமை.

அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் ஓடியது. எனக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் பெரிதாகி, கண்ணாடி போட்டாயிற்று. அண்ணாச்சி சேகரக் கமிட்டி மெம்பர் ஆனார். ஆலயத்துக்குப் பக்கத்தில் புது ஹால் அவர் செலவில் எழும்பிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் ஒரு நாள் மத்தியானம் அவர் மகள் ஜெனி அலுவலகத்துக்கு வந்தாள். பேங்க்கில் வேலை பார்க்கிறவள். யாரிடமும் பயப்பட மாட்டாள் என்று நான் நினைத்திருந்த பெண், அன்றைக்கு நாற்காலி நுனியில் உட்கார்ந்து கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

அவள் ஸ்டீபனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கிற பையன், சொந்த ஊர் கரிவலம்வந்தநல்லூர். தகப்பனார் இன்றைக்கும் வயலில் இறங்கி நாற்று நடுகிறவர். அந்தக் குடும்பத்துக்கும் ஊரில் ஒரு பெயர் உண்டு: 'கஞ்சித்தொட்டி வீடு'. தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றுகிற தொட்டியடியில் கிடந்த அநாதைப் பிள்ளையை மிஷன் தூக்கி வந்து வளர்த்தது, அந்தப் பிள்ளையின் வம்சம் நாங்கள் என்று அவர்களே வாய்விட்டுச் சொல்லுவார்கள். அதில் அவர்களுக்கு ஒரு கூச்சமும் கிடையாது.

"அப்பா என்ன சொல்லுதாங்கன்னா, ஆன்ட்டி... 'துரை வீட்டுப் பிள்ளைய கஞ்சித்தொட்டி வீட்டுக்கு அனுப்பமாட்டேன்'ங்காங்க. நான் விடல. கேட்டுக்கிட்டே இருந்தேன். கடைசியில கோவத்துல, 'கோயில் புக்க எடுத்துப் பாரு. அதுல அவனும் நாமளும் ஒண்ணுன்னு எழுதியிருந்தா நானே ஓலைக்குக் கையெழுத்துப் போடுதேன்'னுட்டாங்க. இன்னிக்கு ஐயர்கிட்ட மனு குடுத்திருக்காங்க. பூட்டனோட எல்லாப் பதிவையும் முழு நகல் எடுத்துத் தரணும்னு."

ஓலை என்பது கல்யாண அறிவிப்பு. மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் வாசிப்பார்கள்.

"ஏட்டி, ஒனக்கு வயசு இருபத்தெட்டு. ஒங்கப்பா கையெழுத்து இல்லாட்டாலும் கட்டிக்கலாம். பின்ன என்ன?"

"தெரியும் ஆன்ட்டி. ஆனா எங்கப்பா இல்லாம நான் எப்படி ஆல்டர் முன்னால போய் நிப்பேன்? அம்மாவும் இல்ல. எனக்குன்னு அப்பா மட்டுந்தான."

இதைச் சொல்லும்போது அழுதுவிட்டாள். மனு மேஜையில்தான் கிடந்தது. அடுத்த நாளே ஃபேனை நிறுத்தினேன், கையைக் கழுவினேன்.

இந்தத் தடவை அடக்கப் புத்தகத்திலிருந்து ஆரம்பித்தேன். பூட்டன் ஹென்றி பெல்டன், தொழில் பாத்திர வியாபாரம், வயது எழுபத்தொன்று. சரி. அங்கிருந்து விவாகப் புத்தகம். மாப்பிள்ளை ஹென்றி பெல்டன், வயது இருபத்துமூன்று. தகப்பன் பெயர்: 'தெரியாது'. கீழே அவரே தமிழில், ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி, கையெழுத்துப் போட்டிருந்தார்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். தெரியாது என்றுதான் இருந்தது. இங்கிலாந்திலிருந்து வந்த தகப்பன் பெயர் ஊருக்கே தெரியும், பெற்ற மகனுக்குத் தெரியாதா?

அப்புறம்தான் அடக்கப் புத்தகத்தில் இன்னும் முன்னால் புரட்டினேன், ஏன் என்று எனக்கே தெரியாது. பஞ்ச வருஷத்தில் ஒரே மாதத்தில் எத்தனை பிள்ளைகள். அதற்குள் ஒரு வரி: 'ஹென்றி பெல்டன், போர்டிங் பிள்ளை, வயது ஏழு, காய்ச்சல்.' ஓரத்தில் சிவப்பு வட்டம். அதாவது, பூட்டனுக்கு ஞானஸ்நானம் ஆவதற்கு ஒரு மாதம் முன்னால் இன்னொரு ஹென்றி பெல்டன் செத்துப் போய்ப் புதைக்கப்பட்டிருக்கிறான்.

அன்று முழுக்க வட்டம் போட்ட பெயர்களை எல்லாம் ஒரு தாளில் எழுதினேன். இருபதுக்கு மேல். எல்லாம் பிள்ளைகள், எல்லாவற்றுக்கும் தகப்பன் இடத்தில் இங்கிலாந்துப் பெயர், எல்லாவற்றுக்கும் தாய் இடம் வெற்று. இத்தனை வெள்ளைக்காரப் பிள்ளைகளைத் தாயில்லாமல் கப்பலேற்றிச் சங்கரன்கோவிலுக்கு அனுப்பினார்களா என்ன? அதோடு வெள்ளைக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தனிப் புத்தகம் உண்டு. அதன் நகல் பாளையங்கோட்டையில் இருக்கிறது. பஸ் ஏறிப் போய் அதையும் இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். பெல்டன் என்று ஒரு குடும்பம் இந்தப் பக்கம் வந்ததாகவே இல்லை.

முடிச்சை அவிழ்த்தது பள்ளிக்கூட விடுதியில், பழைய வருகைப் பதிவேடுகளுக்கு அடியில், சணலால் கட்டிக் கிடந்த போர்டிங் சேர்க்கைப் புத்தகம். பிள்ளையின் பழைய பெயர், கொண்டுவந்த இடம், வைத்த பெயர், ஆதரிப்பவர், ஞானஸ்நானப் பதிவு எண் என்று கட்டங்கள். அதிலும் அதே வட்டம், அதே புள்ளி. எல்லாம் விளங்கிவிட்டது. இங்கிலாந்தில் யாராவது ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்கும் துணிக்கும் பணம் அனுப்பினால், அந்தப் பிள்ளைக்கு அவர்கள் பெயரை வைப்பது அந்தக்கால வழக்கம். அநாதைகளுக்குத் தகப்பன் பெயர் எழுத வேண்டிய இடத்தில் அந்த ஆதரவாளர் பெயரை மிஷனரி எழுதிவிட்டார். தகப்பன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்றுதான் வட்டத்தைப் போட்டார். நான்தான் நினைத்தேன். பிள்ளை செத்துப்போனால் ஆதரவு நின்றுவிடாமல் இருக்க, அதே பெயரை அடுத்த பிள்ளைக்கு வைத்துவிடுவார்கள். முதல் ஹென்றி பெல்டன் போனான், இரண்டாவது ஹென்றி பெல்டன் வந்தான்.

அவன்தான் நாற்பத்தொன்று: 'முத்து, வயது ஐந்து இருக்கலாம், பனவடலிசத்திரம் கஞ்சித்தொட்டி, தாய் தகப்பன் இல்லை.' அதற்கு அடுத்த வரி நாற்பத்திரண்டு: 'கருப்பன், வயது ஆறு, மேற்படி இடம், மேற்படியானோடு ஒரே வண்டியில் வந்தவன்.' வைத்த பெயர் சாமுவேல் கிரே. ஸ்டீபன் குடும்பத்து அடக்கப் பதிவுகளிலிருந்தும் பின்னால் வந்து பார்த்தேன், அவர்கள் முன்னவர் அவர்தான். வயலுக்குப் போனபின் பெயரிலிருந்து அந்தக் 'கிரே' உதிர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஐயரிடம் எடுத்துப் போனேன். அவர் மனிதர் மோசமில்லை. அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. யாரையாவது வளைக்க வேண்டும் என்றால் மட்டும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கூட்டுக்குள் வைத்து, டப்பென்று மூடுவார். அப்புறம் மெதுவாக, "ஜெபம் பண்ணுவமா?" என்பார். அந்த 'டப்' சத்தம் கேட்டால் கமிட்டியில் பெரிய பெரிய ஆட்களே தலையைக் குனிந்துவிடுவார்கள். ஜெபத்துக்கு எதிராக யார் பேச முடியும்?

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சுந்தரி, பழைய சர்டிபிகேட்டு நீ எழுதினதுதானே? அதுமாதிரியே இன்னொண்ணு எழுதிக் குடுத்துரேன். ஹால் பிரதிஷ்டை வருது. ஜெயராஜ் மனசு நோகக் கூடாது பாரு" என்றார்.

"முடியாதுங்கய்யா."

டப்.

"ஆண்டவரே, இந்த மகளுக்கு இளகின மனசைத் தாரும். சபையின் சமாதானத்தைக் குலைக்கிற காரியங்களிலிருந்து அவளை விலக்கிக் காத்துக்கொள்ளும்..." என்று நீண்டுகொண்டே போனது. ஆமென் என்று முடித்தார். நான் ஆமென் சொல்லவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தார்.

"நானும் ஒரு வார்த்தை ஜெபிக்கட்டுமாய்யா?" என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்ல அவரால் முடியுமா? கண்ணை மூடினார். நான், "ஆண்டவரே, இந்தப் புத்தகத்தில் இருக்கிறதை மாத்தி எழுத எனக்கு அதிகாரம் இல்லை. ஐயாவுக்கும் இல்லை. இதை எங்க ரெண்டு பேருக்கும் மறக்காமல் நினைப்பூட்டும். ஆமென்" என்றேன்.

அவரும் ஆமென் சொல்லவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "நீயே அவர்கிட்டச் சொல்லிக்கோ. நான் சொல்லமாட்டேன்" என்றார்.

"சொல்லுதேன்" என்றேன். இப்படி ஒரு தைரியம் எங்கேயிருந்து வந்தது என்று வீட்டுக்கு வந்து தண்ணீர் குடிக்கும்போதுதான் யோசித்தேன்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் அலுவலகத்தில் என் மேஜையைச் சுற்றிக் கூடினோம். ஐயர், அண்ணாச்சி, ஜெனி, நான். மழைக்காலம். அண்ணாச்சி குடையை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு, ஜம்மென்று உட்கார்ந்தார். "படி சுந்தரி. இவளுக்குக் காதுல விழட்டும்."

புத்தகங்களைப் பின்னாலிருந்து முன்னாலாக அடுக்கியிருந்தேன். அடக்கத்தைப் படித்தேன்; தலையாட்டினார். விவாகத்தைப் படித்தேன். 'தெரியாது' என்றதும் நிமிர்ந்தார்.

"அது யாரோ எழுதினது."

"எழுதினது அந்தக்கால ஐயர், அண்ணாச்சி. சொன்னது ஒங்க பூட்டன். இந்தா பாருங்க, கையெழுத்து."

எழுந்து வந்து குனிந்து பார்த்தார். பூட்டன் கையெழுத்தை அதுவரை அவர் பார்த்ததே இல்லை போல. விரலை வைக்கப் போனார். நான் அட்டையை நீட்டித் தடுத்தேன். பிறகு ஞானஸ்நானம், வட்டம், வட்டத்தின் அர்த்தம், போர்டிங் புத்தகம். முத்து, கஞ்சித்தொட்டி, ஒரே வண்டி. எதையும் விடவில்லை, எதையும் மெழுகவில்லை.

அண்ணாச்சியின் முகம் ரத்தச் சிவப்பாகிவிட்டது. "அப்போ எங்கடையில தொங்குதே, அது? முப்பது வருஷமா தொங்குது. ஒங் கையெழுத்துதான அது?"

"எங் கையெழுத்துதான். வட்டத்த விட்டுட்டு எழுதினேன். தப்பு எம்மேலதான், அண்ணாச்சி. மன்னிப்புக் கேக்கேன். ஆனா மன்னிப்புக் கேட்டதுக்காக மறுபடியும் அதே தப்ப எழுதமாட்டேன். ஐயா சொன்னாலும் எழுதமாட்டேன், கமிட்டி சொன்னாலும் எழுதமாட்டேன்."

"என்னைக் கோட்டிக்காரனா ஆக்கிட்டியே! ஊரு சிரிக்காதா? எத்தன பேருகிட்ட சொல்லியிருப்பேன்! கப்பல்ல வந்தாரு, காலராவுல போனாங்கன்னு..."

"அப்பா" என்றாள் ஜெனி. "அஞ்சு வயசுப் பிள்ள, தாயில்ல, தகப்பனில்ல. கஞ்சித்தொட்டியில கெடந்து சாகாமப் பொழச்சு வந்து, பாத்திரக்கடை வச்சிருக்காருப்பா. கப்பல்ல வந்தவரவிட இவரு பெரியவருப்பா. இதுல என்னப்பா கேவலம்?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "அந்தப் பேரு பின்ன யாரு பேரு?"

அதைப் படிக்க வேண்டாம் என்று மனதுக்குள் வைத்திருந்தேன். கேட்டுவிட்டார், படித்தேன். ஹென்றி பெல்டன், போர்டிங் பிள்ளை, வயது ஏழு, காய்ச்சல். அவன் போனபின் அந்தப் பெயரை முத்துவுக்கு வைத்ததையும் சொன்னேன்.

"செத்த பிள்ள பேரா?" என்றார். குரலே மாறிவிட்டது. பதிலுக்கு நிற்காமல் வெளியே போய்விட்டார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடை ஜன்னலிலேயே தொங்கியது.

அன்றைக்கே புது நகல் எழுதினேன். கட்டம் இல்லாவிட்டால் என்ன, ஓரத்தில் வட்டத்தை வரைந்து, அதன் அர்த்தத்தைக் கீழே இரண்டு வரி எழுதினேன். பழைய சர்டிபிகேட்டின் அடிக்கட்டையில் 'பிழையாக எழுதப்பட்டது, என் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஐயரும் கீழே போட்டார். அந்த அளவுக்கு அவரிடமும் நியாயம் இருந்தது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

அந்த வாரம் ஜெனி சாப்பிட்டாளோ இல்லையோ, நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு பெண்ணின் கல்யாணத்தை வாழவைக்கிறேன் என்று போய் அடியோடு கெடுத்துவிட்டேனோ என்று பயம். சனிக்கிழமை சாயங்காலம் கடை ஆள் ஒருவர் ஒரு கவரைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே ஓலைப் படிவம். பெண்ணின் தகப்பன் என்ற இடத்தில் கையெழுத்து இருந்தது, தாள் கிழிகிற மாதிரி அழுத்திப் போட்ட கையெழுத்து. கூட ஒரு வார்த்தை இல்லை.

கல்யாணம் நடந்தது. ஜெனியின் கையைப் பிடித்து ஆல்டர் வரைக்கும் கூட்டிவந்தார், சபையில் ஒருவரையும் பார்க்காமல். அவர்கள் பதிவை விவாகப் புத்தகத்தில் நான்தான் எழுதினேன். இரண்டு தகப்பன்மார் பெயரும் முழுசாக, ஒரு இடம் வெற்றாக விடாமல்.

எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அடுத்த கமிட்டியில் என்னைப் பள்ளிக்கூட அலுவலகத்துக்கு மாற்றினார்கள். சும்மா போய்விடவில்லை. "சாவி வேணும்னா புத்தகத்தையெல்லாம் பக்கம் பக்கமா எண்ணி எழுதி வாங்கிக்கோங்க" என்றேன். ஒவ்வொரு ஓரக்குறியையும் பட்டியல் போட்டு, கமிட்டிச் செயலாளரிடம் கையெழுத்து வாங்கிய பின்புதான் சாவிக்கொத்தைக் கொடுத்தேன். பதினோரு நாள் ஆனது. செயலாளர் பல்லைக் கடித்துக்கொண்டே எண்ணினார். இரண்டு வருஷம் கழித்து வேறு ஐயர் வந்தார். அடக்கப் புத்தகத்தில் ஒரு ஆளைத் தேடித்தர யாராலும் முடியாமல், என்னையே திரும்பக் கூப்பிட்டார்கள். பட்டியலை வாங்கிச் சரிபார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

அண்ணாச்சி என்னோடு பேசுவதே இல்லை. ரதவீதியில் எதிரே பட்டால் எதிர்ப் பக்கம் ஏறிவிடுவார். கடையில் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார், அது தொங்கிய இடம் மட்டும் சுவரில் வெளுப்பாகத் தெரிந்தது. நானும் போய்ப் பேசவில்லை. நான் ஏன் பேச வேண்டும்? நான் படித்தது அவரே படிக்கச் சொன்ன புத்தகத்தைத்தான்.

நான் ஓய்வு பெறுகிற வாரம், செவ்வாய்க்கிழமை என்று ஞாபகம், பீரோவை ஒழுங்கு செய்துகொண்டிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. அண்ணாச்சி. ஆள் மெலிந்துவிட்டார். மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஜன்னலைப் பார்த்தார். அவர் குடை இன்னும் அதே கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுக்க எனக்கும் வீம்பு, கேட்க அவருக்கும் வீம்பு.

"இன்னும் வச்சிருக்கியா?"

"ஒங்க சாமான் அண்ணாச்சி. நான் என்னத்துக்கு எடுக்க?"

அவர் பீரோப் பக்கம் திரும்பினார். பிறகு, "அந்த மொதப் பய... ஏழு வயசுல போனானே. எங்கன பொதச்சிருக்கு?" என்றார்.

நான் அடக்கப் புத்தகத்தை எடுத்தேன். கல்லறைத் தோட்டம், கிழக்குச் சுவர் ஓரம், போர்டிங் பிள்ளைகள் வரிசை. அங்கே ஒரு கல் கிடையாது, வேப்பமரமும் மண்ணும்தான். சொன்னேன்.

"நாலு தலைமுறையா அவன் பேரத்தான் வச்சுத் தின்னிருக்கோம், சுந்தரி. கடை போர்டுல அவன் பேரு, பில்லுல அவன் பேரு, எம் பேருக்கு முன்னால அவன் பேரு. அவனுக்குன்னு ஒரு கல்லு இல்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டார், மறைக்கவில்லை. "ஒரு கல்லு வைக்கணும். பெல்டன்னு போட வேண்டாம். அத இங்கிலீஷ்காரன் குடுத்தான். அவன் ஆத்தா வச்ச பேரு ஒண்ணு இருக்குமே?"

போர்டிங் புத்தகத்தில் முதல் ஹென்றி பெல்டனின் வரியைத் தேடினேன். அட்டையை வைத்து, விரல் படாமல், அவருக்கு நேராகத் திருப்பிக் காட்டினேன். 'இசக்கி, ராயகிரி.'

புது ஐயர் உள்ளே வந்தவர் கேட்டுவிட்டார். தயங்கித் தயங்கி, "அண்ணாச்சி, நம்ம கல்லறைத் தோட்டத்துல இசக்கின்னு கல்லு வச்சா... சபையில கேப்பாங்களே" என்றார்.

"கேக்கட்டும்யா" என்றார் அண்ணாச்சி. "கேக்கிறவன எங்கிட்ட அனுப்புங்க. எங்க பேரு எவன் பேருன்னு நான் சொல்லுதேன். இவ எனக்குப் படிச்சுக் காட்டின மாதிரி நானும் படிச்சுக் காட்டுதேன்."

குடையை எடுத்துக்கொண்டு போனார். மூன்றாம் நாள் கல்தச்சர் பட்டறையிலிருந்து அண்ணாச்சி எனக்குப் போன் செய்தார். பின்னால் உளிச் சத்தம் கேட்டது.

"ஏம்மா சுந்தரி, பேரும் வயசும் போட்டாச்சு. கீழ அந்த வட்டத்தயும் போடச் சொல்லியிருக்கேன். உள்ள புள்ளி பெருசா வேணுமா, சின்னதா போதுமான்னு இவரு கேக்காரு."

"நல்லாப் பெருசாவே போடச் சொல்லுங்க, அண்ணாச்சி" என்றேன்.